திருப்பாத சீட்டு

பிப்ரவரி 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருமா வராதா என்று ஊருக்கு முன்னால் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீயும் உன் மகளும் எப்படி இருக்கிறீர்கள்? இது மரியாதைக்குக் கேட்பது. கோபம் அது பாட்டுக்கு இருக்கிறது.

குடும்பக் குழுவை விட்டு நீ வெளியே போய்விட்டாய். கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதனால்தான் தாளும் தபாலும்.

உன் அறுபத்தாறாவது பிறந்தநாளுக்கு எல்லாரும் பூப்படம் போட்டார்கள். ஒரே பூவைப் பதினோரு பேர் போட்டார்கள். என் தம்பிக்கு இது போதாது என்று நான் ஒற்றை விரலால் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். நீளமாக எழுதினால் போன் முதல் கொஞ்சத்தைக் காட்டிவிட்டு மீதியை மடித்து வைத்துக்கொள்கிறது. அடியில் சின்னதாக 'மேலும் படிக்க' என்று இருக்கும், அதைத் தொட வேண்டும். எனக்கே பேத்தி பிறகுதான் சொன்னாள். வெளியே தெரிந்தது இவ்வளவுதான்:

'என் தம்பியைப் படிக்க வைத்தது எனக்கு நடந்த பெரிய அநியாயம் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த புஸ்தகத்தைப் பிடுங்கித்தான் அவன் கையில் கொடுத்தார்கள்.'

அதற்குக் கீழே பதினேழு வரி இருக்கிறது. யாராவது தொட்டார்களா? பெரிய மாமா மகன், "சரியாச் சொன்னீங்க, அந்தக் காலத்துல பொண்ணுங்கன்னா எளக்காரம்" என்றான். சித்தி மகள், "பொறந்தநாளும் அதுவுமா இப்படியா வாய விடுவாங்க" என்றாள். இருபதாவது ஆள் வருவதற்குள் நான் வீட்டில் பங்கு கேட்டதாக ஆகிவிட்டது. நாற்பதாவது ஆள் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தான். அறுபதாவது பதிலுக்கு மேல் இரண்டு பேர் ஒரு பழைய சைக்கிளுக்காகச் சண்டை போட்டார்கள். அது யார் சைக்கிள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மொத்தம் எழுபத்து நாலு பதில்.

எழுபத்து மூன்றை விட்டுத்தள்ளு. எழுபத்து நாலாவது நீ. முப்பத்தோரு வருஷம் செய்தித்தாள் ஆபீசில் பிழை திருத்தினவன். நீ என் இரண்டு வரியை எடுத்து, எழுத்துப் பிழையெல்லாம் திருத்திப் போட்டு, கீழே 'உன்னை யார் படிக்க வைக்கச் சொன்னது?' என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய்.

மீதியைப் படித்தாயா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தோடு,
அக்கா


பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். இவ்விடம் நலம். மகள் வேலைக்குப் போய் வருகிறாள். தங்கள் முழங்கால் விரைவில் குணமாகட்டும்.

மீதியைப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். எழுபத்து மூன்று பேரும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று தாங்கள் சொல்வது வேடிக்கையாக இருக்கிறது.

இன்னொன்று. தாங்கள் தாளின் இரண்டு பக்கமும் எழுதி, போதாமல் ஓரத்திலும் எழுதுகிறீர்கள். மை ஊறி எதுவும் சரியாகத் தெரியவில்லை. அச்சுக்கு வரும் தாளில் ஒரு பக்கம்தான் எழுத வேண்டும். பின்பக்கம் எழுதியது அச்சேறாது, குப்பைக்குப் போகும். நான் வாழ்நாளில் ஒரு தாளின் பின்பக்கத்திலும் எழுதியதில்லை என்பது தங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

தாங்கள், தங்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் என்ன உன் ஆபீஸ் மேனேஜரா? நீ முழங்கையில் மூக்கைத் துடைத்ததைப் பார்த்தவள் நான். துளியூண்டு இருந்ததால் புள்ளி என்று பேர் வைத்ததும் நான்தான். இனி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டேன். அதற்குத் தகுதி வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம். ஆஸ்பத்திரி சமையல்கட்டில் முப்பத்தெட்டு வருஷம் நின்றவளிடம் சொல்கிறாய். இருநூறு பேருக்கு வைக்கிற அண்டாவில் மேலே வெந்திருக்கும், நடுவில் அரிசியாக இருக்கும், அடியில் கருகியிருக்கும். ஒரு சோற்றைப் பார்த்து இறக்கினவள் மறுநாள் வேலையில் இருக்கமாட்டாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நோயாளிக்கு ஒரு சீட்டு வரும். முன்பக்கம் என்ன கொடுக்கலாம் என்று இருக்கும். டாக்டர் இடையில் எதையாவது மாற்றினால் நர்ஸ் அதைப் பின்பக்கம் எழுதி அனுப்புவாள். ஏழாம் கட்டிலின் சீட்டில் பால், ரொட்டி என்று இருந்தது. கொண்டுபோய் ஊட்டாத குறையாகக் கொடுத்தேன். பின்பக்கம் 'காலையில் ஆபரேஷன், எதுவும் கொடுக்கக்கூடாது' என்று இருந்திருக்கிறது. ஆபரேஷன் நாலு நாள் தள்ளிப்போயிற்று. அந்த நாலு நாளும் அந்த மனுஷன் வலியில் முனகினது என் காதில் இப்போதும் இருக்கிறது. பெரிய சமையல்காரம்மா என்னை அடிக்கவில்லை. "சீட்டைத் திருப்பாதவ அடுப்பத் தொடக்கூடாது" என்று சொல்லி என் கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு மாசம் பாத்திரம்தான் தேய்த்தேன்.

அன்றிலிருந்து நான் திருப்பாத தாள் கிடையாது. மளிகைக்கடைச் சிட்டை, பஸ் டிக்கெட், என் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள் கடைசி எழுத்து வரை படிக்கிறேன். பள்ளிக்கூடம் முழுக்க முடித்தவன் இரண்டு வரியோடு நின்றுவிட்டாய்.

மீதியை நான் சொல்லமாட்டேன். வேண்டுமென்றால் குழுவுக்குத் திரும்பி வந்து, தொட்டுப் படி.

நீ என் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் நாலு மாசம் ஆகிறது. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

அக்கா


மார்ச் 9

(தாளின் முன்பக்கம்)

அக்காவுக்கு,

வணக்கம். இவ்விடம் நலம். தங்கள் கடிதம் கிடைத்தது.

தங்கள் பள்ளிக்கூடம் நின்றதற்கு ஏழு வயதுப் பையன் என்ன செய்திருக்க முடியும்? அந்தப் புத்தகத்தின் கதையை என் கல்யாணத்தன்று கேட்டேன். வேலை கிடைத்த அன்று கேட்டேன். பிறந்தநாளிலும் கேட்டாயிற்று. அலுத்துவிட்டது. இனி நமக்குள் கடிதமே வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

(தாளின் பின்பக்கம்)

எடுத்தேன். எழுத மனசு வரவில்லை அக்கா.

நீதான் எந்தத் தாளையும் திருப்பாமல் விடமாட்டாயே. அந்த தைரியத்தில் முதல்முறையாகப் பின்பக்கம் எழுதுகிறேன். முன்பக்கம் மகள் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை. இது உனக்கு மட்டும்.

என் இடது கண் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தமாம், வலியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வலது கண்ணிலும் கீழ்ப்பாதி இருட்டு. நீ எழுதியதன் மேல் வரிகள் தெரிந்தன. அடியில் 'மேலும் படிக்க' என்று இருந்ததே எனக்குத் தெரியாது. ஊருக்கே பிழை திருத்தினவன் இதை யாரிடம் சொல்வேன்? உன் போன கடிதத்தை வெயிலில் பிடித்து நாலு நாள் படித்தேன். போனை மகளிடம் கொடுத்து, 'உன் அத்தை என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள், படி' என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை ஆபரேஷன். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற கண் ஆஸ்பத்திரி. மிச்சம் இருக்கும் பார்வை நிற்கலாம், நிற்காமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்கிறார் டாக்டர். உறவில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நாள் வா. அந்தப் பதினேழு வரியை நீயே எனக்குப் படித்துக் காட்டு. திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, உன் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

வரமுடியாது என்றால் அதையும் எழுதிவிடு. இரண்டாம் முறை கேட்கமாட்டேன். நமக்கு ஒரே பிடிவாத ரத்தம்தானே.

புள்ளி


மார்ச் 16

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க நீ இடம் வைக்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

உன் தாள் வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். கடிதம் வேண்டாம் என்று சொல்லத்தான் தாளை எடுத்தாயாம். ஒவ்வொரு எழுத்தும் கொட்டைப்பாக்கு அளவு. படிக்காதவள்தானே, கைக்குழந்தைக்கு எழுதுவதுபோல் எழுதினால்தான் புரியும் என்று நினைத்தாயோ? வரியெல்லாம் கோணல். நேராக எழுதக்கூட நான் லாயக்கில்லை போலிருக்கிறது.

நல்லது. என் பதிலையும் கேட்டுக்கொள். உன் வாசல் பக்கம் என் கால் வராது. நீயே வா என்று கூப்பிட்டாலும் வராது.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கே 'நான் எங்கே அப்படிச் சொன்னேன்' என்று மழுப்புவாய். அன்றைக்குச் சாட்சி வேண்டும்.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை மகள் படித்துக் காட்டினாள். பதில் புரிந்தது.

எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறாதே.

தம்பி


ஏப்ரல் 5, பஸ் நிலையத்திலிருந்து

புள்ளி,

இது தபாலில் வராது. நானே கொண்டுவருகிறேன். பஸ் வர இன்னும் முக்கால் மணி இருக்கிறது. சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காலையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். எதற்கு என்று கேள். நேற்று குழுவில் சித்தி மகள், 'தம்பி மனசை நோகடித்துவிட்டு அக்கா நிம்மதியா இருக்காங்க' என்று போட்டிருந்தாள். யார் யாரை நோகடித்தது என்று ஊர் பார்க்கட்டும், உன் கடிதத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடு என்று பேத்தியிடம் கொடுத்தேன். அவள் வெளிச்சத்துக்காக ஜன்னலருகே தூக்கிப் பிடித்தாள்.

"பாட்டி, பின்னாடி என்னவோ எழுதியிருக்கே."

"இருக்காதுடி. அவன் பின்னாடி எழுதற ஜாதியே இல்ல. நீ முன்பக்கத்த மட்டும் எடு."

"அப்போ நீங்களும் பாதியத்தான் போடப்போறீங்களா?"

பிடுங்கித் திருப்பினேன்.

முப்பத்தெட்டு வருஷம், புள்ளி. ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு. ஏழாம் கட்டிலுக்குப் பிறகு ஒன்றைக்கூடத் திருப்பாமல் விட்டதில்லை என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லிக்கொண்டு திரிந்தேன். விட்டதும் விட்டேன், உன் சீட்டை விட்டேன். உன் போன் அடித்து அடித்து நின்றது. நாலாவது தடவை உன் மகள் எடுத்தாள். "அப்பாவ இப்பதான் உள்ள கொண்டுபோனாங்க அத்தை" என்றாள். அவளும் அழுதாள்.

வாசலில் நின்றபடி படித்தேன் என்று எழுதினேனே, அது பாதிப் பொய். முன்பக்கத்துக் கடைசி வரி சுருக்கென்றது. அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் உன் எழுத்தின் அளவைத்தான்.

பஸ் வந்துவிட்டது.


ஏப்ரல் 7, சாப்பாட்டுச் சீட்டுகளில் எழுதியது

(மேல் சீட்டு, முன்பக்கம்)

கட்டில் 14. பால், ரொட்டி, வேகவைத்த காய். உப்பு குறைவு.

(பின்பக்கமும், குண்டூசியால் சேர்த்துக் குத்திய மற்ற நாலு சீட்டுகளும்)

புள்ளி, கட்டு அவிழ்த்ததும் முதலில் இதைப் படி. பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். மரியாதைக் குறைவு என்று நினைக்காதே.

இரண்டு நாளாக உன் கட்டில் பக்கத்து ஸ்டூலில்தான் இருக்கிறேன். நான் வந்ததைச் சொல்லக்கூடாது என்று உன் மகளிடம் நானும் ஒரு சத்தியம் வாங்கினேன். பாவம் அந்தப் பெண், இரண்டு சத்தியத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தால் நான் அழுவேன். வார்டில் பதினாறு கட்டில் இருக்கிறது, அத்தனை பேர் முன்னால் அழ என்னால் ஆகாது. அதனால் நீ கண்ணைக் கட்டிக்கொண்டும் நான் வாயைக் கட்டிக்கொண்டும் இருந்தோம்.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். உன் சாப்பாட்டுச் சீட்டின் பின்னால் 'சர்க்கரை கூடாது' என்று நர்ஸ் எழுதியிருக்கிறாள், சமையல்கட்டிலிருந்து இனிப்புப் பால் வருகிறது. நேராகக் கீழே போனேன். அங்கிருந்த பெண்ணிடம், "சீட்டத் திருப்பாதவ அடுப்பத் தொடக்கூடாது" என்றேன். சொல்லும்போதே என் வாய் எனக்கே சுட்டது. ஆனால் பாலை மாற்றிக் கொடுத்தாள். மீதிச் சீட்டும் அவள் தந்ததுதான்.

இனி நீ கேட்ட பதினேழு வரி. போனில் இருந்தபடியே எழுதுகிறேன். பிழையும் அப்படியே இருக்கும்.

'அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது என் தப்பு. நான் புஸ்தகத்தைக் கொடுத்துவிட்டு ஊரார் வீட்டுச் சமையல்கட்டுக்கு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவன் வாசலிலேயே காத்திருப்பான். அன்றைக்கு வாத்தியார் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் என்னிடம் ஒப்பிப்பான். அவனுக்குப் பாடம் மனப்பாடம் ஆகவில்லையோ என்று நினைப்பேன். ஒரு நாள் தெரிந்தது, அக்காவுக்கு விட்டுப்போகக்கூடாது என்றுதான் ஒப்பித்திருக்கிறான். பள்ளிக்கூடத்துக்குப் போனது அவன்தான். ஆனால் பத்து வருஷம் அந்தப் பள்ளிக்கூடம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தது. அவன் செய்தித்தாள் ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து தினம் அந்தப் பேப்பரை வாங்குவேன். செய்திக்காக இல்லை. பிழை இருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடுவேன். இல்லாவிட்டால் அன்று முழுக்கத் தலை நிமிர்ந்து நடப்பேன். ஊரில் யாருக்கும் தெரியாது, இந்தப் பேப்பர் இத்தனை சுத்தமாக இருப்பது என் தம்பியின் கண்ணால் என்று. எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷத்தில் இரண்டே பிழைதான் விட்டான். இரண்டையும் வெட்டி வைத்திருக்கிறேன். அந்தக் கண்ணுக்கு நான் கொடுத்தது ஒரு புஸ்தகம். அநியாயம் எனக்கு நடக்கவில்லை. எனக்குத்தான் அதிகம் கிடைத்தது.'

அவ்வளவுதான். தேதி வேண்டுமானால் அந்த இரண்டு பிழைக்கும் தேதி சொல்லுவேன்.

ஏழாம் கட்டில்காரரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. பதினாலாம் கட்டில்காரரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 7, மதியம், இன்னொரு சீட்டில்

(முன்பக்கம்)

நலம். டாக்டர் கட்டை அவிழ்த்தார். கீழ்ப்பாதி இருட்டாகத்தான் இருக்கிறது, மேல்பாதி நின்றுவிட்டது. உன் அஞ்சு சீட்டையும் தூக்கித் தூக்கிப் பிடித்து முழுக்கப் படித்தேன். பிழைகள் ஒன்பது இருக்கின்றன. ஒன்றையும் திருத்தமாட்டேன். அச்சுக்குப் போனாலும் அப்படியேதான் போக வேண்டும்.

அந்த இரண்டு பிழைக்கும் தேதி எனக்கும் தெரியும்.

(பின்பக்கம்)

கீழே சமையல்கட்டில் நீ போட்ட சத்தம் மாடி வரை கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர், "யாருங்க அது, இந்தப் போடு போடறாங்க" என்றார். கண்ணில் கட்டோடு, "எங்கக்கா" என்றேன். நீ வந்தது முந்தாநாளிலிருந்தே தெரியும், ஸ்டூலில் உட்காரும்போது உன் முழங்கால் போட்ட சத்தம் போதாதா. நீ பேசட்டும் என்று காத்திருந்தேன்.

இப்போது எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இப்படியே இருந்தால் இரண்டு பேரும் சீட்டிலேயே காலத்தை ஓட்டிவிடுவோம். நான்தானே சின்னவன், நானே முதலில் பேசிவிடுகிறேன்.

படித்து முடித்தாயா? நிமிர்ந்து பார்.

புள்ளி